பால் பைத்தானின் முதுகெலும்பில் அடி: பின்னுடல் அசையவில்லை, உதவி தேவை

நான் வளர்க்கும் பால் பைத்தான் (ball python எனும் சிறிய மலைப்பாம்பு வகை) 4 வயதுப் பெண் பாம்பு; எடை 1,400 கிராம். ஐந்து நாள்களுக்கு முன் கூண்டின் நகரும் கண்ணாடிக் கதவை நான் மூடியபோது, வெளியே வந்துகொண்டிருந்த அதன் உடல் இடுக்கில் சிக்கியது. தவறு முழுக்க என்னுடையது.

அடிபட்ட இடம் தலையிலிருந்து ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தொலைவில் உள்ளது. அங்கே சிறு மேடும் லேசான வளைவும் தெரிகின்றன. அதற்கு முன்னுள்ள பகுதி வழக்கம்போல் சுருள்கிறது, நாக்கும் நீள்கிறது. பின்பகுதியோ இழுபட்டு வருகிறது, சில நேரம் வயிறு மேல்நோக்கியபடியே கிடக்கிறது. வால் நுனியைத் தொட்டால் எப்போதாவது துடிக்கிறது, ஆனால் அது உணர்வா, வெறும் அனிச்சைச் செயலா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. அன்றிலிருந்து மலமோ யூரேட்டோ (பாம்பின் வெண்ணிறத் திடச் சிறுநீர்க் கழிவு) கழியவில்லை என்பதுதான் மிகுந்த கவலை தருகிறது.

ஏறும் கிளைகளை அகற்றி, தரையில் வெறும் காகிதம் விரித்து, சூடான பக்கத்தை 32 டிகிரி செல்சியஸிலும் மறுபக்கத்தை 26 டிகிரியிலும் வைத்திருக்கிறேன். இரை கொடுக்கவில்லை, கையில் எடுப்பதும் இல்லை, மனிதருக்கான வலிநிவாரணி எதையும் தரவில்லை. பெரும்பாலும் நாய், பூனைகளுக்கு மருத்துவம் பார்க்கும் ஒருவர், மேலிருந்து மட்டும் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு விலகல் தெரியவில்லை என்றார். பக்கவாட்டுப் படம் எடுக்கப்படவில்லை. ஊர்வனவற்றுக்கான மருத்துவர் 9 மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிறார், நாளை மறுநாள் நேரம் தந்திருக்கிறார்.

முதுகு மேலும் வளையாதபடி இந்தப் பாம்பை அவ்வளவு தூரம் கொண்டுசெல்ல, பெட்டியையும் உள்ளே வைக்கும் தாங்கலையும் எவ்வாறு அமைக்க வேண்டும்?