மூன்றாம் ஆங்கிலேய–பர்மியப் போர் (1885): தேக்குத் தண்டம் காரணமா, சாக்கா?

மருதவனம்:

1885-ஆம் ஆண்டுப் போரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் தேக்கு மரத் தகராற்றில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற ஆங்கிலேய மரக் கம்பெனி காட்டிலிருந்து இறக்கிய மரங்களில் தீர்வை கட்டியவை மிகக் குறைவு என்று குற்றஞ்சாட்டி, மேல் பர்மாவின் தலைநகரான மாண்டலேயின் லுட்டோ, அதாவது திபா மன்னரின் அமைச்சரவை, அவ்வாண்டு ஆகஸ்டில் சுமார் 23 இலட்சம் ரூபாய் தண்டம் விதித்தது. அது நடந்த செய்திதான். ஆனால் அக்டோபர் 22-ஆம் தேதி வைஸ்ராய் டஃபரின் பிரபுவின் அரசு அனுப்பிய இறுதி எச்சரிக்கையைப் படித்தால், தண்டத்தை நிறுத்தி வைக்கச் சொல்வது அதில் ஒரு கோரிக்கை மட்டுமே என்பது தெரியும். ஆங்கிலேயத் தூதர் ஆயுதக் காவலோடு மாண்டலேயில் நிரந்தரமாகத் தங்க வேண்டும். பர்மா வழியாகச் சீனத்துக்குச் செல்லும் வணிகத்துக்கு வசதி செய்து தர வேண்டும். இனி அயல்நாட்டு உறவுகள் அனைத்தும் இந்திய அரசின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும். கடைசிக் கோரிக்கையை ஏற்ற பிறகு தன்னாட்சி என்று மன்னரிடம் என்ன மிஞ்சியிருக்கும்? ஒரு மரக் கம்பெனியின் கணக்கு வழக்கைத் தீர்க்க இவ்வளவும் தேவையில்லை. ஆகவே தண்டம் வெறும் சாக்கு என்பதே என் கருத்து.

கடலோடி:

நண்பர் சொல்லும் கோரிக்கைகள் சரியே. ஆனால் அவை ஏன் அந்த ஆண்டில் எழுந்தன என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். 1885 ஜனவரியில் பிரான்சும் பர்மாவும் ஒப்பந்தம் செய்துகொண்டன. டோங்கின் (இன்றைய வட வியட்நாம்) வழியாகப் பர்மாவுக்கு ஆயுதம் அனுப்புவது குறித்து பிரெஞ்சுப் பிரதமர் ஜூல் ஃபெரி எழுதிய இரகசியக் கடிதம் ஆங்கிலேயர் கைக்கு எட்டியது. பிரெஞ்சுத் தூதர் ஹாஸ் மாண்டலேயில் அமர்ந்து, இருப்புப்பாதைக்கும் வங்கிக்கும் பேச்சு நடத்திக்கொண்டிருந்தார். அரியணைக்கு உரிமை கொண்டாடிய மிங்குன் இளவரசர் நம் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் பாதுகாப்பில் இருந்தார். இந்தியாவின் கிழக்கு எல்லையில் இன்னொரு ஐரோப்பிய வல்லரசு காலூன்றுவதை எந்த அரசும் பார்த்துக்கொண்டிருக்காது.

இன்னொன்றையும் மறந்துவிடலாகாது. திபா மன்னர் பட்டமேறிய சில மாதங்களில், 1879 பிப்ரவரியில், அரச குடும்பத்தைச் சேர்ந்த சுமார் 80 பேர் கொல்லப்பட்டனர். அதன் பிறகு சாலைகளில் கொள்ளை பெருகியது, வரி வசூல் சரிந்தது. அப்படிப்பட்ட ஓர் ஆட்சியைப் பாதிக்கப்பட்ட அப்பாவியாகக் காட்டுவது வரலாற்றுக்குச் செய்யும் நியாயமல்ல.

மருதவனம்:

1879 படுகொலை கொடியது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அது நடந்து ஆறு ஆண்டுகள் கழித்தே படை கிளம்பியது. கொலையே காரணம் என்றால், இடைப்பட்ட காலத்தில் ஏன் கிளம்பவில்லை?

பிரெஞ்சு அச்சத்தைப் பற்றிச் சொன்னீர்கள். வரிசையைக் கவனியுங்கள், ஐயா. டோங்கின் தோல்வியால் 1885 மார்ச் இறுதியிலேயே ஃபெரியின் அமைச்சரவை கவிழ்ந்துவிட்டது. அதற்குப் பின் வந்த அரசுக்குப் பர்மாவுக்காக இங்கிலாந்தோடு மோத மனமில்லை. இறுதி எச்சரிக்கை போவதற்குள் ஹாஸையும் விலக்கிக்கொண்டது. அதாவது, ஆபத்து மிகுந்திருந்த தை மாதத்தில் படை நகரவில்லை. அது அடங்கிய ஐப்பசியில் நகர்ந்தது. இந்திய விவகாரங்களுக்கான அமைச்சர் ரண்டால்ஃப் சர்ச்சில் இணைப்பை விரும்பியதும், இரங்கூன் வணிகர் சங்கமும் இங்கிலாந்தின் வணிகர் சங்கங்களும் மேல் பர்மாவைக் கைப்பற்றும்படி தொடர்ந்து மனுக் கொடுத்ததும், நவம்பர் கடைசியில் இங்கிலாந்தில் பொதுத்தேர்தல் வந்ததும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. பர்மாவை ஒட்டிய சீன மாகாணமான யுன்னான் வழியாகச் சீனச் சந்தைக்குள் நுழையலாம் என்ற ஆசை அந்த வணிகர்களிடம் நெடுங்காலமாகவே இருந்தது.

இது முதல் தடவையும் அல்ல. இரண்டு ஆங்கிலேயக் கப்பல் தலைவர்களிடம் இரங்கூனின் பர்மிய ஆளுநர் வாங்கிய தண்டத்தொகையைக் காரணம் காட்டித்தான் 1852-இல் கீழ் பர்மாவின் பெகு மாகாணத்தைக் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி எடுத்துக்கொண்டார்.

திபா மன்னர் அனுப்பிய பதிலையும் படிக்க வேண்டும். வணிக வசதிக்கும் தூதருக்கும் அவர் கதவை அடைக்கவில்லை. அயலுறவுக் கோரிக்கைக்கு மட்டும், இரு தரப்புக்கும் நட்பான நாடுகள் கூடி முடிவு சொல்லட்டும் என்று எழுதினார். பதில் கிடைத்த சில நாட்களில் பிரெண்டர்காஸ்ட் தளபதியின் சுமார் 10,000 பேர் கொண்ட படை ஐராவதி ஃபிளோட்டில்லா கம்பெனியின் நீராவிக் கப்பல்களில் ஆற்றை ஏறிச் சென்றது. மின்லா கோட்டையில் ஒரு சண்டை. அதற்குப் பின் பெரிய எதிர்ப்பே இல்லை. நவம்பர் 28-இல் மாண்டலே வீழ்ந்தது. மறுநாள் மாலை மன்னரையும் அரசி சுபயாலத்தையும் அரண்மனைக்கு வெளியே சாதாரண மாட்டு வண்டிகளில் ஏற்றி, தெருவோரம் மக்கள் அழுது நிற்க, ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார்கள். முதலில் மதராசுக்கு, பிறகு இரத்தினகிரிக்கு. 1916-இல் அங்கேயே அவர் இறந்தார்.

கடலோடி:

வரிசை சரியாகவே இருக்கட்டும். ஒரு பிரதமர் போனால் ஒரு கொள்கை போய்விடும் என்று நம்பி எந்தப் பேரரசும் எல்லையைத் திறந்து வைக்காது. ஃபெரி போன பின்னும் பிரான்ஸ் டோங்கினை விட்டுப் போகவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். விளைவுகளையும் பார்க்க வேண்டும். 1889-இல் மாண்டலே வரை இருப்புப்பாதை போனது. எண்ணெய்க் கிணறுகளில் முதலீடு வந்தது. நெல் விளையும் பரப்பு பல மடங்கு பெருகி, உலகின் பெரும் அரிசி ஏற்றுமதி நாடாகப் பர்மா ஆனது. நம் ஊர்களிலிருந்தே இலட்சக்கணக்கானோர் அங்கே பிழைக்கப் போனார்கள்.

தேவகோட்டை வாசகி:

இந்த இடத்தில் நான் குறுக்கிட வேண்டியிருக்கிறது. நெல் பெருகியது கீழ் பர்மாவின் ஆற்று முகத்துவாரத்தில். அது 1852-லேயே ஆங்கிலேயர் வசமானது. 1885 போரின் கணக்கில் அதை வரவு வைக்க முடியாது. மேல் பர்மா வறண்ட பூமி. அங்கே கிடைத்தவை தேக்கு, எண்ணெய், மோகோக் மாணிக்கம் ஆகியவையே. மாணிக்கச் சுரங்கம் 1889-இல் ஓர் ஆங்கிலேயக் கம்பெனிக்குக் குத்தகைக்குப் போனது.

எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றின் பழைய பேரேடுகள் இரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கியில் (லேவாதேவிக் கடையில்) எழுதப்பட்டவை. ஆகவே, அங்கே போனவர்களில் நகரத்தார் எனப்படும் செட்டியார்களின் லேவாதேவி பற்றிப் போகிற போக்கில் பலர் எழுதுவதை நான் ஏற்பதில்லை. உழவரிடமிருந்து நிலத்தைப் பிடுங்கவே நகரத்தார் போனார்கள் என்பது தவறு. நிலத்தை அடமானம் வைக்கவும் கடனுக்காக அதைக் கையகப்படுத்தவும் சட்டம் செய்தது ஆங்கிலேய அரசு. பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம், நெல் விலை சரிந்த மந்தநிலைக்குப் பின் 1937-க்குள் நாலில் ஒரு பங்காக உயர்ந்தது. வட்டிக்கு விட்ட பணம் திரும்பாமல், வேண்டாத நிலமாகக் கைக்கு வந்து சேர்ந்த கதை அது. பிறகு அதுவும் போயிற்று.

மருதவனம்:

அம்மையார் சொன்னது முக்கியமான திருத்தம். ஆயினும் கடன் கொடுத்தவருக்குச் சட்டம் துணை நின்றது என்பதாலேயே நிலம் இழந்த பர்மிய உழவரின் கோபம் பொய்யாகிவிடாது. 1930-இல் இரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்கள் மீது விழுந்த அடியும், அதே ஆண்டு இறுதியில் சாயா சான் தலைமையில் எழுந்த உழவர் கிளர்ச்சியும் அந்த அமைப்பின் விளைவுகளே.

கடலோடி ஐயா இருப்புப்பாதையைச் சொன்னார். அதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும். இரண்டே வாரத்தில் முடிந்ததாகச் சொல்லப்படும் போர் உண்மையில் நாலைந்து ஆண்டுகள் நீண்டது. 1886 ஜனவரி முதல் தேதி இணைப்பு அறிவிக்கப்பட்டதும் ஊர் ஊராக எதிர்ப்புக் கிளம்பியது; 1887 தொடக்கத்தில் 30,000-க்கும் மேற்பட்ட படையினர் அங்கே இருந்தனர். அவர்களை எதிர்த்தவர்கள் அனைவரையும் கொள்ளையர் என்றே ஆங்கிலேயர் பதிவு செய்தனர். கிராமங்கள் எரிக்கப்பட்டன. தலைமை ஆணையர் கிராஸ்த்வெயிட் 1887-இல் கொண்டுவந்த கிராம ஒழுங்குமுறை, ஒருவன் செய்ததற்கு ஊர் முழுவதும் தண்டம் கட்ட வைத்தது. கிளர்ச்சிக்காரர்களின் உறவினர்களை வீட்டோடு வேறிடத்துக்குப் பெயர்த்தது. தலைமுறை தலைமுறையாகப் பல ஊர்களைச் சேர்த்து நிர்வகித்து வந்த மியோதுஜி குடும்பங்களின் இடத்தில், அரசு நியமித்த கிராமத் தலைவர் ஊருக்கு ஒருவராக வந்தார்.

எனக்கு இதுவே போரின் மிகக் கடுமையான விளைவாகப் படுகிறது. மன்னரை மட்டும் மாற்றி அரசவையை வைத்துக்கொள்ளும் வழி டஃபரினுக்குத் திறந்தே இருந்தது. லுட்டோவைச் சில மாதம் வைத்துப் பார்த்துவிட்டு அதையும் கலைத்தார்கள். அரண்மனை ஓலைச்சுவடிகளும் பதிவேடுகளும் படையினர் கையில் எரிந்தன. பௌத்த சங்கத்தின் தலைமைப் பிக்குவுக்கு அரசு தந்துவந்த அதிகாரமும் அற்றுப்போயிற்று. மேலிருந்து கீழ் வரை எல்லாப் படிகளையும் அகற்றிய பின், ஆட்சிக்கும் மக்களுக்கும் நடுவே துப்பாக்கியும் நீதிமன்றமுமே மிஞ்சின.

கடலோடி:

எரிப்பையும் கூட்டுத் தண்டத்தையும் நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்தக் குழப்பத்தின் ஒரு பகுதி திபா ஆட்சியிலேயே முளைவிட்டது. பிரெண்டர்காஸ்ட் வருவதற்கு முன்பே பல மாவட்டங்களில் மன்னரின் ஆணை செல்லவில்லை. முழுப் பழியையும் படையெடுப்பின் மீது சுமத்துவதை நான் ஏற்கவில்லை.

மருதவனம்:

ஆணை செல்லாத நாட்டில் 30,000 படையினரைக் கொண்டு எதிர்ப்பை ஒடுக்க வேண்டியிருந்தது என்றால், அந்த மக்கள் எதைக் காக்க எழுந்தார்கள் என்பதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. போருக்கான செலவு இந்திய வருவாயிலிருந்து எடுக்கப்பட்டது. மதராஸ் படைப்பிரிவுகளின் சிப்பாய்கள் அங்கே அனுப்பப்பட்டனர். 1885 டிசம்பரில் பம்பாயில் கூடிய இந்திய தேசிய காங்கிரஸின் முதல் மாநாடே மேல் பர்மாவை இணைப்பதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. இணைத்தே தீர்வதென்றால் பர்மாவை இலங்கையைப் போலத் தனிக் குடியேற்ற நாடாக வைக்க வேண்டும், இந்தியாவின் தலையில் கட்டக்கூடாது என்றும் அது கேட்டது. அரசு கேட்கவில்லை, 1937 வரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணமாகவே நீடித்தது.