டிம் ஆலன் பற்றிய ஆய்வு: கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. இதழியல் முதுகலை ஆய்வேட்டுக்கு, அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவையில் வலதுசாரிக் கருத்துள்ள நடிகர்களின் நிலையை எடுத்திருக்கிறேன். மையம் அமெரிக்க நகைச்சுவை நடிகர் டிம் ஆலனின் 'லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங்'.

2011இல் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய தொடர் அது. நல்ல பார்வையாளர் எண்ணிக்கை இருந்தும் ஆறு சீசனோடு 2017 மே மாதம் நிறுத்தினார்கள். அவருடைய அரசியல்தான் காரணம் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். வெள்ளிக்கிழமை நகைச்சுவை நேரத்தையே எடுத்துவிட்டோம் என்றது ஏபிசி. தொடரைத் தயாரித்தது வேறு நிறுவனம் என்பதால் ஏபிசி அதற்குக் கொடுக்க வேண்டிய பணமும் ஒரு காரணம் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். 2018இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சி எடுத்து 2021 வரை ஓட்டியது. அதே ஏபிசி 2025இல் தொடங்கிய 'ஷிஃப்டிங் கியர்ஸ்' தொடருக்கு அவரையே அழைத்திருக்கிறது! அரசியல் மட்டுமே காரணம் என்றால் இது எப்படி நடந்தது? இந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறேன். (நடிகை ரோசேன் பாரின் தொடரை 2018இல் ஏபிசி நிறுத்திய விஷயம் வேறு, அது அவருடைய இனவெறி ட்வீட்டால் வந்தது. இரண்டையும் ஒன்றாகக் கட்ட எனக்கு மனமில்லை.)

லாஸ் ஏஞ்சலஸில் எழுத்தாளர் குழுவிலோ தயாரிப்பிலோ வேலை பார்க்கும் தமிழர் யாராவது இங்கே இருக்கிறீர்களா? அரசியலில் மாறுபட்டவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து நகைச்சுவை எழுதுவது உண்மையில் எப்படி நடக்கிறது என்று அரை மணி நேரம் பேசினால் போதும். பெயரை வெளியிட மாட்டேன். 'வெரைட்டி' என்ற பொழுதுபோக்குத் துறைப் பத்திரிகையின் 2017ஆம் ஆண்டு பழைய இதழ்களை எடுத்துத் தரக்கூடிய நூலக அனுமதி உள்ளவர்களும் தயவுசெய்து உள்பெட்டிக்கு வாருங்கள். அடுத்த மாதம் முதல் வரைவை வழிகாட்டியிடம் கொடுக்க வேண்டும்.