எங்க டீச்சரம்மா போயிட்டாங்க, பழகுனவங்க ஞாபகம் இருக்கறத எழுதுங்க

கீரமங்கலம் பக்கம் எங்க ஊரு தொடக்கப்பள்ளியில இருபது வருஷத்துக்கு மேல வேலை பார்த்த டீச்சரம்மா போன மாசம் தவறிட்டாங்க. பேரு போட வேணாம், அவங்களுக்கே புடிக்காதுன்னு மகன் சொல்லிட்டாரு. எங்க ஊருக்காரவுகளுக்குப் பேரு தேவையும் இல்ல, டீச்சரம்மான்னா ஒரே ஆளுதான். நானே ஆரம்பிக்கிறேன்.

1991ல நான் அஞ்சாவது. புதுக்கோட்டை மாவட்டத்துல, பெரியவங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தர்ற அறிவொளி இயக்கம் வந்த நேரம், ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தாங்க, ஊரு ஊரா தெருநாடகம் பாட்டுன்னு ஒரே அமளி. எங்க ஊர்ல ராத்திரி எட்டு மணிக்கு மேல மாரியம்மன் கோயில் முன்னாடி அரிக்கேன் வெளக்கு வச்சு வகுப்பு நடக்கும். பகல்ல எங்களுக்குப் பாடம் எடுத்த அதே டீச்சரம்மா ராத்திரி எங்க அம்மா, அத்தை, அப்பத்தாவுக்கெல்லாம் பாடம் எடுப்பாங்க, அதுக்குச் சல்லிக்காசு சம்பளம் கெடையாது, மண்ணெண்ணெய் கூட பாதி நாள் அவங்க வீட்டுது. அறிவொளிப் பாடம் அனா ஆவன்னாவுல ஆரம்பிக்காது, தெனம் வாயில பொழங்குற வார்த்தைலேருந்து எழுத்துக்குப் போகும். காலையில ஸ்கூல்ல நான் வாங்குன திட்ட ராத்திரி எங்கம்மாவும் வாங்கிட்டு வரும். திட்டு பெரும்பாலும் புள்ளிக்குத்தான். ஒரு புள்ளி விட்டாலும் "எழுத்துக்குத் தலையில வெயிலடிக்குது பாரு, வையி புள்ளிய"ம்பாங்க.

அப்பதான் பொம்பளைங்க சைக்கிள் கத்துக்கற கூத்தும் ஆரம்பிச்சுச்சு. மாவட்டம் முழுக்க ஒரு லட்சம் பேருக்கு மேல கத்துக்கிட்டாங்க, அது பெரிய கதை. எங்க ஊர்ல டீச்சரம்மா எல்லாரும் கத்துக்கணும்னு நீட்டி முழக்கிப் பேசிட்டு இருக்கும்போது பின்னாடிலேருந்து ஒரு அப்பாயி "ஒனக்கு ஓட்டத் தெரியுமா தாயி?"ன்னு கேட்ருச்சு. தெரியாது. அப்ப அவங்களுக்கு நாப்பது வயசுக்கு மேல.

மறுநாள் இன்டர்வெல்ல என்னைய மட்டும் தனியா கூப்ட்டு, "டேய், நீ சைக்கிள் ஓட்டுவீல்ல?"ன்னு மெதுவா கேட்டாங்க. வாடகை சைக்கிள் எடுத்துட்டு ஊருக்குத் தெரியாம கம்மாக்கரைல பழகுனோம். சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு அவங்க மிதிக்க, நான் பின்னாடி கேரியரப் புடிச்சுக்கிட்டு ஓடணும். பகல்ல நம்மள முட்டி போட வைக்கிற டீச்சரு சாயங்காலம் "விட்றாதடா விட்றாதடா"ன்னு கத்துறதக் கேக்குறதுல ஒரு சொகம் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. மூணாவது நாள் எனக்கு மூச்சு வாங்கி கை நழுவிருச்சு, நேரா கருவேலஞ்செடிக்குள்ள போயி விழுந்தாங்க, முழங்கை பேந்து ரத்தம். நான் அழுதுட்டேன். ஸ்கூல்ல மத்த டீச்சருங்க கட்டப் பார்த்துக் கேட்டதுக்கு "ஆடு குறுக்க வந்துருச்சு"ன்னு சொல்லிட்டாங்க. அன்னைலேருந்து நான் ஆடு. வேலைக்குச் சேந்து சென்னைலேருந்து லீவுக்கு வந்தாலும் "என்னடா ஆடு, எப்ப வந்த?"தான்.

ரொம்ப நல்லவங்கன்னு மட்டும் எழுதுனா அவங்களுக்கே கோவம் வரும். அடிப்பாங்க, ஸ்கேல திருப்பிப் போட்டு அடிப்பாங்க. 2009ல என் கல்யாணப் பத்திரிகைய கொண்டு போயி குடுத்தேன், கண்ணாடியத் தேடி எடுத்துப் போட்டுக்கிட்டு படிச்சுப் பார்த்துட்டு செவப்பு பேனாவுல நாலு எடத்துல வட்டம் போட்டு எங்கிட்டயே திருப்பிக் குடுத்தாங்க. ஐநூறு பத்திரிகை அடிச்சு பாதிக்கு மேல குடுத்து முடிச்சாச்சு அப்ப!

*

அண்ணே நான் பூக்காரம்மா மக, கீழத்தெரு. எங்கம்மா அந்த ராத்திரி வகுப்புல படிச்சதுதான். கைநாட்டா இருந்துச்சு, மொதத் தடவ பேங்க்ல கையெழுத்துப் போட்டுட்டு பழக்கதோஷத்துல கட்டவெரல முந்தானைல தொடச்சுச்சாம். இப்பவும் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.

அம்மாவுக்கு முல்லைப்பூ எடுக்கற வேலை. விடியங்காட்டியும் எடுத்துட்டுப் போயி கமிஷன் கடையில போடணும், எடை போட்டு துண்டுச் சீட்டு குடுப்பாக. சீட்ட டீச்சரம்மாகிட்ட கொண்டு போயி காட்டுனா படிச்சுச் சொல்லவே மாட்டாங்களாம், "ஒன் பூவு, ஒன் சீட்டு, நீ படி"ன்னு கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்துருவாங்களாம். எங்கம்மாவுக்கு அப்ப கடுப்புதான், படிச்ச திமிருன்னு கூட ஏசியிருக்கு. அப்புறம் ஒருநாள் கடையிலேயே வச்சு எழுத்துக்கூட்டிப் பார்த்துருக்கு, மூணு கிலோ போட்ட எடத்துல ரெண்டுன்னு எழுதியிருக்காக. "இது ரெண்டுல்ல போட்ருக்கு"ன்னு அம்மா சொன்னதும் கடைக்காரரு சீட்டப் பார்க்கல, எங்கம்மாவத்தான் பார்த்தாராம்.

லேடீஸ் சைக்கிள் கடையில கெடைக்கல அந்த வருஷம், அவ்ளோ கிராக்கி. அப்பாவோட பார் வச்ச சைக்கிளத்தான் அம்மா ஓட்டுச்சு. அது ஒரு வகைல வசதி, பார்ல துண்டச் சுத்தி என்னைய ஒக்கார வச்சு பின்னாடி கேரியர்ல பூக்கூடை. எனக்கு ஞாபகம் இருக்கறது அந்த வாசனையும் பார் அழுத்துன வலியும்தான்.

*

நான் இவங்கள மாதிரி மாணவன் இல்ல, வெளியூரு. கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியக்காலைல அடிச்சுச்சு, ரெண்டு நாள் கழிச்சு நாங்க ஃப்ரெண்ட்ஸ் சேந்து வேன்ல அரிசி, பிஸ்கட், தார்ப்பாய் ஏத்திட்டு வந்தோம். தென்னை எல்லாம் வேரோட சாஞ்சு ரோட்டுல கெடக்கு, கரண்ட் கம்பம் அத்தனையும் கீழ. உங்க ஊரு முக்குல ஒரு வயசான அம்மா எங்க வண்டிய மறிச்சு, "என்னப்பா கொண்டாந்துருக்கீங்க?"ன்னாங்க. சொன்னோம். "அரிசி இருக்கு. சுகர் மாத்திரை இருக்கா, மெழுகுவத்தி இருக்கா, பொம்பளைப் புள்ளைங்களுக்கு நாப்கின் இருக்கா?" ஒண்ணும் இல்ல எங்ககிட்ட.

கையில ஒரு நாப்பது பக்க நோட்டு. எந்த வீட்ல யாருக்கு பி.பி., யாருக்கு சுகரு, என்ன மாத்திரை, எத்தன நாளைக்கு மிச்சம் இருக்கு, எல்லாம் கட்டம் போட்டு எழுதி வச்சிருந்தாங்க. கரண்ட் வர எத்தன வாரம் ஆகும்னு யாருக்கும் தெரியாத நேரம், இன்சுலின் போடறவங்களோட மருந்த எல்லாம் வாங்கி பேரு எழுதி ஒட்டி, ஈர மணலுக்குள்ள மண்பானைய வச்சு அதுக்குள்ள போட்டு வச்சிருந்தாங்க. நாங்க அந்த நோட்டுப் பக்கத்த போன்ல போட்டோ எடுத்துக்கிட்டு திருச்சிக்குத் திரும்பப் போயி வாங்கிட்டு வந்தோம். திரும்பி வந்தப்ப நன்றின்னு எல்லாம் ஒண்ணும் சொல்லல, நோட்டுல டிக் அடிச்சாங்க, "சாப்டீங்களாப்பா?"ன்னாங்க, அவ்ளோதான். அதுக்கப்புறம் நாங்க எங்க நிவாரணத்துக்குப் போனாலும் மொதல்ல போன்ல கேட்டுட்டுத்தான் வண்டிய எடுக்கறோம்.

*

எனக்குச் சின்ன அனுபவம்தான். இல்லம் தேடிக் கல்வில தன்னார்வலரா எங்க வீட்டு வாசல்ல சாயங்காலம் கிளாஸ் எடுத்தேன், மாசம் ஆயிரம் ரூபா ஊக்கத்தொகை. டீச்சரம்மா எழுபது வயசுக்கு மேல கம்ப ஊனிக்கிட்டு வந்து புள்ளைங்களோட புள்ளையா கடைசில ஒக்காருவாங்க, எனக்குக் கை நடுங்கும். ஒருநாள் கொரோனால ரெண்டு வருஷம் ஸ்கூலு இல்லாம எழுத்து மறந்து போன ஒரு பையன நான் அதட்டிட்டேன். அவன் போனதுக்கப்புறம் கூப்ட்டாங்க. "நான் நெறைய அடிச்சுருக்கேன்த்தா. அடி வாங்குனதுல ஒண்ணு கூட அதனால படிக்கல." வேற எதுவும் சொல்லாம கம்ப எடுத்துக்கிட்டு போயிட்டாங்க.

*

மறுபடி ஆடுதான். எல்லாரும் எழுதுனதப் படிச்சேன், அந்தக் கடைசி விஷயம் எனக்குத் தெரியாது.

ஒண்ணு கேக்கணும். பஸ் ஸ்டாப் சொவத்துல ஒட்டுன போஸ்டர்ல "கண்ணீர் அஞ்சலி"ல ண் மேல புள்ளி விட்டுப் போயி "கணணீர்"னு இருந்துச்சு. அச்சாபீஸ்காரன் விட்ருக்கான், நம்ம பயலுகளும் பார்க்காம ஒட்டிட்டானுக. டீச்சரம்மா போஸ்டர்லயே இப்படின்னு மனசே ஆறல. சாயங்காலம் காடு போயிட்டுத் திரும்பி வர்றேன், சரியான எடத்துல புள்ளி இருக்கு. கிட்டப் போயி பார்த்தா ஸ்டிக்கர் பொட்டு. யாரு வேலை அது?

*

எங்கம்மா அண்ணே. ரோட்டுல வச்சு என் நெத்திலேருந்து பிச்சு எடுத்து ஒட்டுச்சு.