மைட்ரல் வால்வு மாற்று கேஸுக்கு எந்த மயக்க வாயு? ஐசோஃப்ளூரேனா, செவோஃப்ளூரேனா, டெஸ்ஃப்ளூரேனா?

பிஜி இரண்டாம் வருடம்
கார்டியாக் போஸ்டிங் வந்து மூன்று வாரம் ஆகிறது. நாளை மறுநாள் ஒரு கேஸ்: முப்பதுகளில் ஒரு பெண், சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கி ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் கீழே போய்விட்டது, நுரையீரல் தமனி அழுத்தமும் அதிகம், துடிப்பைக் கட்டுப்படுத்தும் டிஜாக்சினில் இருக்கிறார். எங்கள் சார் ஒருவர் ஊதா டயலைத் (ஐசோ) தவிர எதையும் தொட மாட்டார், இன்னொருவருக்கு மஞ்சள்தான் (செவோ). ஆனால் இரத்தத்தில் கரையும் அளவைப் பார்த்தால் ஐசோ 1.4, செவோ 0.65, டெஸ் 0.42. குறைவாகக் கரைவதால் சீக்கிரம் ஏறி சீக்கிரம் இறங்குவது டெஸ்தான் என்றால் அதை ஏன் யாரும் எடுப்பதில்லை?

பழைய கை
தம்பி, கரைதிறனை விடுங்கள், முதலில் அந்த வால்வை நினையுங்கள். குறுகிய வாசல் வழியாக இரத்தம் இறங்க நேரம் வேண்டும். துடிப்பு கூடினால் அந்த நேரம்தான் முதலில் போகும், அப்புறம் அழுத்தம் பின்னால் ஏறி நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். டெஸ்ஸை ஒரு மேக்குக்கு (பாதிப் பேர் கீறும்போது அசையாமல் இருக்கும் அளவு) மேல் சட்டென்று ஏற்றினால் சிம்பதெடிக் நரம்புகள் கிளம்பி துடிப்பும் பிரஷரும் எகிறும். நான் ஜூனியராக இருந்தபோது தோலைக் கீறும் நேரத்தில் ஒருவர் டயலை ஒரே திருப்பாகத் திருப்பினார். கொஞ்ச நேரத்தில் துடிப்பு 130, டியூபில் இளஞ்சிவப்பு நுரை. நோயாளி பிழைத்தார், ஆனால் அந்த நுரை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதோடு, இந்தப் பெண் எப்படியும் வென்டிலேட்டரோடு ஐசியூவுக்குத்தான் போகப் போகிறார். மேசையிலேயே எழுப்பாதவருக்கு சீக்கிரம் எழுப்பும் வாயு எதற்கு?

கார்டியாக் மேடம்
சார் சொன்னது சரி. ஐசோவா செவோவா என்பதற்கு என் பதில்: துடிப்பை அதிகம் அசைக்காதது செவோ, அதனால் வால்வு சுருங்கிய ஸ்டெனோசிஸ் கேஸ்களில் எனக்கு அதுதான் பிடிக்கும். ஐசோ இரத்தக் குழாய்களை நன்றாகத் தளர்த்தும், இளம் வயதினரில் துடிப்பையும் கொஞ்சம் கூட்டும். ரத்தம் பின்னோக்கிக் கசியும் ரிகர்ஜிடேஷனில் அதுவே உதவி, அயோர்டிக் ஸ்டெனோசிஸில் அதுவே ஆபத்து. எதை எடுத்தாலும் வலி மருந்தான ஃபென்டனில் போதிய அளவு கொடுத்துவிட்டு, அரை முதல் ஒரு மேக்குக்குள் மெதுவாக ஏற்றுங்கள். நைட்ரஸ் ஆக்சைடு வேண்டவே வேண்டாம், நுரையீரல் அழுத்தம் கூடியவருக்கு அது இன்னும் கூட்டலாம், பம்பிலிருந்து (இதய-நுரையீரல் மெஷின்) வரும் காற்றுக் குமிழையும் பெரிதாக்கும்.

வாயு இதயத்தைக் காக்கிறது என்ற வாதத்தை மட்டும் ரொம்பப் பிடித்துக்கொள்ள வேண்டாம். 2019-ல் வந்த மிரியட் ஆய்வில் 5,400 பேர், வாயுவுக்கும் ஊசி வழி மயக்கத்துக்கும் ஒரு வருட இறப்பில் வித்தியாசம் இல்லை (2.8, 3.0 சதவீதம்). அதுவும் இதயத் தமனி பைபாஸ் அறுவை நோயாளிகள், வால்வு இல்லை.

பம்ப் பக்கத்திலிருந்து
நான் பெர்ஃப்யூஷனிஸ்ட், அந்த பம்பை ஓட்டுபவர். நீங்கள் எல்லோரும் மெஷின் டயலையே பேசுகிறீர்கள். பம்பில் போட்டதும் நுரையீரல் வழியாக இரத்தம் போகாது, உங்கள் டயல் வேலைக்கு ஆகாது, அப்போது வாயு, இரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் என் ஆக்சிஜனேட்டருக்குப் போகும் வாயுக் குழாயில் இருக்கும், திரவ மயக்க மருந்தை ஆவியாக்கும் வேப்பரைசர் வழியாகத்தான் வர வேண்டும். அதில் திரவம் எவ்வளவு இருக்கிறது என்று தொடங்கும் முன் கண்ணாடியில் குனிந்து பாருங்கள். ஆக்சிஜனேட்டர் எந்த ரகம் என்றும் கேளுங்கள்: பாலிப்ரொப்பிலீன் நார் என்றால் வாயு தாராளமாகப் போகும், பாலிமெத்தில்பென்டீன் என்றால் ஏறக்குறைய போகவே போகாது, அப்படியிருந்தால் ஊசி வழி மயக்க மருந்தான புரோபோஃபால் ஓடியே ஆக வேண்டும். உடம்பைத் திரும்பச் சூடாக்கும்போது மயக்கத் தேவையும் கூடும், நோயாளி உள்ளுக்குள் விழித்துக்கொள்ளக்கூடிய நேரம் அதுதான், எல்லோருடைய கவனமும் வால்வில் இருக்கும்போது நீங்கள் மயக்கத்தின் ஆழத்தைக் காட்டும் பிஸ் எண்ணைப் பாருங்கள். ஆக்சிஜனேட்டரின் வெளியேற்றத்தில் உறிஞ்சு குழாய் மாட்டியிருக்கிறதா என்பதும் முக்கியம், இல்லையென்றால் அதை நாங்கள்தான் நாள் முழுக்க சுவாசிக்கிறோம்.

பிஜி இரண்டாம் வருடம்
நன்றி சார், மேடம், அண்ணா. பம்பில் வேப்பரைசர் இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும். செவோ என்று முடிவு செய்துவிட்டேன், சாரிடம் கேட்டுக்கொள்கிறேன். நாளை காலை பம்ப் அறைக்குப் போய் எங்கள் ஆக்சிஜனேட்டர் எந்த நார் என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.