அம்மாவின் தலையணை ஓரம் இருந்த கற்கண்டு டப்பா

மஞ்சக்குப்பம், கடலூர்

அம்மாவுக்கு 68 வயது. வெற்றிலை, புகையிலை எதுவும் கிடையாது. இரண்டு வேளையும் பல் துலக்குவார். அப்படி இருந்தும் இரண்டே வருடத்தில் ஆறு பல் சொத்தை. கடிக்கிற இடத்தில் இல்லை. ஆறும் ஈறை ஒட்டின மாதிரி, பழுப்பாகக் குடைந்திருந்தன. வயசானால் இப்படித்தான் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம்.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். கைப்பிடி வைத்த அந்தச் சின்னக் கண்ணாடியை அம்மாவின் கன்னத்து உட்பக்கம் வைத்து எடுத்தார். வழுக்கிக்கொண்டு வரவேண்டியது, சதையோடு ஒட்டி இழுத்துக்கொண்டு வந்தது. நாக்குக்கு அடியில் எச்சிலே தேங்கவில்லை. "ராத்திரி ஏதாவது மாத்திரை போடுறீங்களாம்மா?" என்றுதான் முதலில் கேட்டார்.

போடுகிறார். கால் எரிச்சலுக்கு மூன்று வருடமாக இரவில் அமிட்ரிப்டிலின், மூக்கு ஒழுகினால் அலர்ஜி மாத்திரை. இரண்டுமே எச்சிலைக் குறைக்கக்கூடியவையாம். காலையில் எழுந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சே வராது என்று அம்மா சொன்னதை நாங்கள் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

அப்புறம் கற்கண்டு. தொண்டை வறளும்போது பனங்கற்கண்டு ஒரு துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்குவார். தலையணை ஓரம் அதற்கென்று ஒரு எவர்சில்வர் டப்பா. மாசாமாசம் வாங்கி நிரப்பியது நான்தான். இதை எழுதும்போதுகூட மனசு கஷ்டமாக இருக்கிறது.

டாக்டரம்மா விளக்கிச் சொன்னார். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஊறும். தூங்கும்போது எல்லாருக்குமே அது ஏறக்குறைய நின்றுவிடும். இனிப்பைத் தின்று கிருமிகள் விடுகிற அமிலத்தைப் பகலில் எச்சில் முறித்துவிடும், கரைந்த கால்சியத்தையும் பல்லில் திரும்பச் சேர்க்கும். ராத்திரியில் அமிலம் அப்படியே பல்லோடு கிடக்கும். அமிலத்தை அளக்கிற எண்ணுக்கு பி.ஹெச். என்று பெயர், அது குறையக் குறைய அமிலம் அதிகம். அது 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேலோடான எனாமல் கரையத் தொடங்கும். ஈறு இறங்கி வெளியே தெரிகிற வேருக்கு அவ்வளவு அமிலம்கூட வேண்டாம். அம்மாவுக்கு அந்த இடத்திலேயே சொத்தை விழுந்தது அதனால்தான்.

மாத்திரையை நாங்களாக நிறுத்தவில்லை. எழுதிக்கொடுத்த டாக்டரிடமே போய்ச் சொன்னோம், அளவைக் குறைத்தார். கற்கண்டு இருந்த இடத்தில் இப்போது ஒரு சொம்புத் தண்ணீர். பல் டாக்டரம்மா ஃப்ளோரைடு அதிகமுள்ள பேஸ்ட் ஒன்று எழுதித் தந்திருக்கிறார். துலக்கிவிட்டு நுரையைத் துப்பலாம், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கக் கூடாது. அம்மாவுக்கு அதுதான் பெரும்பாடு, ஆயுசு முழுக்கக் கொப்பளித்த வாய் இல்லையா. இரண்டு பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. நான்கை அடைத்தாகிவிட்டது. ஒன்பது மாதமாகப் புதுச் சொத்தை இல்லை.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அக்கா, எனக்கு மாத்திரை எதுவும் இல்லை, மூக்குதான் காரணம். உள்ளே நடு எலும்பு வளைந்து ஒரு பக்கம் அடைப்பு. ராத்திரி முழுக்க வாயால்தான் மூச்சு, அதோடு ஏசி. காலையில் மேலுதடு முன்பல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும், விரலை விட்டுத்தான் பிரிப்பேன். மேல் ஈறு சிவந்து, துலக்கினால் ரத்தம். எச்சில் ஊறட்டும் என்று எலுமிச்சை மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தேன். சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்து பல்லை அரிக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது சைலிட்டால் என்கிற, பல்லைக் கெடுக்காத இனிப்பு போட்ட சர்க்கரையில்லாத சூயிங்கம், அதுவும் பகலில் மட்டும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷையும் விட்டுவிட்டேன், அது இன்னும் காயவைக்கிறது. மூக்குக்கு ஆபரேஷன் முடிந்த பிறகு வாயை மூடித் தூங்குகிறேன். ஈறில் ரத்தம் வருவது நின்றுவிட்டது.

பண்ருட்டி

என் வீட்டுக்காரருக்கும் இதே நா வறட்சி. ராத்திரி நாலு தடவை எழுந்து தண்ணீர் குடிப்பார், நாலு தடவை பாத்ரூம் போவார். வெயில் காலம் என்றே நினைத்தோம். ரத்தப் பரிசோதனை செய்தால் சர்க்கரை 300க்கு மேல். பல் டாக்டரிடம் போகும் முன்னே அதையும் பார்த்துவிடுங்கள். அக்கா, என் மாமியார் பல் செட்டோடுதான் தூங்குகிறார், அவருக்கும் வாய் காய்கிறது. என்ன செய்யலாம்?

மஞ்சக்குப்பம்

கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள் தங்கச்சி. எச்சில் இல்லாத வாயில் செட் உராய்ந்து புண்ணாகும், பூஞ்சையும் பிடிக்கும். அடியில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ தெரிந்தால் தள்ளிப் போடாமல் காட்டிவிடுங்கள்.