படிக்கும்போது புரியும் ஆங்கிலச் சொற்கள் எழுதும்போது வருவதில்லை: வழி சொல்லுங்கள்

நண்பர்களே, வணக்கம். உயர்நிலை ஆங்கிலச் சொற்களைக் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஏவரில் காக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர் 2000-இல் வெளியிட்ட அகாடமிக் வேர்ட் லிஸ்ட், அதாவது கல்விசார் எழுத்தில் அடிக்கடி வரும் சொற்களின் பட்டியல்தான் எனக்கு அடிப்படை. அதில் 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து வரும் மற்ற வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்), அதிகம் புழங்குபவை முதலில் வரும்படி 10 பகுதிகளாக இருக்கின்றன. கண்டபடி அரிய சொற்களை மனப்பாடம் செய்வதைவிட இது எவ்வளவோ மேல்.

மறக்காமல் இருக்க ஆங்கி செயலியில் அட்டைகள் போட்டு, இடைவெளி விட்டுத் திருப்பிப் பார்க்கிறேன். அர்த்தம் நன்றாகவே நினைவில் நிற்கிறது. ஆனால் கட்டுரை எழுத உட்கார்ந்தால் பழைய எளிய சொற்களே வருகின்றன. அதைவிடப் பெரிய சிக்கல், எந்தச் சொல் எதோடு சேரும் என்பது. மிட்டிகேட், அலீவியேட் இரண்டுக்கும் அகராதியில் ஏறக்குறைய ஒரே பொருள்தான்: குறைப்பது, தணிப்பது. ஆனால் ரிஸ்க்கோடு மிட்டிகேட் வருகிறது, வலியோடு அலீவியேட் வருகிறது. பொருளை மட்டும் படித்தால் இது பிடிபடாது. எனக்கு இதில்தான் உண்மையான ஆர்வமே.

அட்டையில் தனிச்சொல் போடுவதா, முழு வாக்கியத்தில் ஒரு இடத்தைக் காலியாக விட்டு நிரப்புவதா? எது எழுத்தில் கைகொடுத்தது? லத்தீன், கிரேக்க வேர்களை ஆரம்பத்திலேயே படிக்கலாமா, அல்லது ஓரளவு சொற்கள் சேர்ந்த பிறகா? அப்புறம், சொற்சேர்க்கைக்கென்றே உள்ள அகராதியை நீங்கள் எப்படிப் பயன்படுத்துகிறீர்கள்?

தேர்வுக்காகப் படித்தவர்கள், வேலைக்காக எழுதுகிறவர்கள் யாராக இருந்தாலும் உங்கள் முறையை ஒரு உதாரணச் சொல்லோடு எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.