நம்ம வீடு (குடும்பக் குழு)

கவிதா: நாளைலேர்ந்து நிலாவை ஸ்கூல்லேர்ந்து யாராவது கூட்டிட்டு வரணும். எனக்கு ஷிஃப்ட் மாறிடுச்சு

செல்வி அக்கா: அம்மா போறாங்கல்ல?

கவிதா: இனி அனுப்ப மாட்டேன். இன்னைக்குப் பாதி ரோட்டுல, நடக்கிறவங்க சிக்னல்ல பச்சை மினுக்க ஆரம்பிச்சதும் பயந்துபோய்த் திரும்பிட்டாங்க. நிலா கை விட்டுப்போச்சு

சுரேஷ்: ஐயோ

அருண்: நிலா ஓகேவா அத்தை?

கவிதா: ம். அழுதா, அவ்ளோதான்

மணி அண்ணன்: திரும்பியிருக்கவே கூடாது. பச்சை மினுக்கினா புதுசா யாரும் இறங்காதேன்னு அர்த்தம். இறங்கினவங்க போய்ச் சேரத்தான் அந்த நேரம். ரோட்டு அகலத்தை நடை வேகத்தால வகுத்து வைப்பாங்க. வழக்கமா நொடிக்கு 1.2 மீட்டர். 18 மீட்டர் ரோடுன்னா 15 நொடி. சின்னப் பிள்ளைங்க, வயசானவங்க கடக்குற இடத்துல 0.9னு எடுத்தா 20 நொடி வரும். அம்மாவுக்குப் பத்தாமப் போனது அந்த 5 நொடிதான்

அருண்: அப்பா, பாரா பிரிச்சுப் போடுங்க

சுரேஷ்: பிரிக்கிறதுன்னாலே அண்ணனுக்குக் கை வராதே 😂

செல்வி அக்கா: சுரேஷு, இங்க வேண்டாம்

மணி அண்ணன்: இன்னும் முடிக்கலை. நமக்குப் பச்சை விழுறப்பவே திரும்புற வண்டிக்கும் விழுந்தா ஆபத்து. நடக்கிறவங்களுக்கு 3லேர்ந்து 7 நொடி முன்னாடியே விட்டா, வண்டி திரும்புறதுக்குள்ள பிள்ளைங்க கண்ணுல படுற இடத்துக்கு வந்துடுவாங்க

கவிதா: ஜீப்ரா மேலயே காரை நிறுத்திப் பிள்ளையை இறக்குறவங்களை என்ன பண்றது? நிலா அந்தக் காருக்கு முன்னாடி வந்தா, பக்கத்து லேன்ல வர்றவனுக்கு அவ பையோட கைப்பிடிகூடத் தெரியாது

செல்வி அக்கா: வெள்ளைக் காரா?

சுரேஷ்: ரெண்டு நிமிஷம்தான் நிறுத்துறேன்

கவிதா: அந்த ரெண்டு நிமிஷம்தான்டா

செல்வி அக்கா: கேக்க மறந்தேன், என் ஏணி யார்கிட்ட இருக்கு?

மணி அண்ணன்: நான் மனு எழுதறேன். ஸ்கூல் விடுற நேரத்துல யாராவது நின்னு ஃபோன்ல நொடி எடுத்துக் குடுங்க. பச்சை, மினுக்குறது, சிவப்பு, மூணும் தனித்தனியா

அருண்: 👍

மணி அண்ணன்: நீ போறியா?

அருண்: இல்லப்பா, மனுவுக்கு 👍

சுரேஷ்: ஏணி என்கிட்டதான்

செல்வி அக்கா: போன வருஷத்துலேர்ந்தா??

கவிதா: நாளைக்கு யாருன்னு சொல்லுங்க

செல்வி அக்கா: திங்கள், புதன் நான். நாளைக்கு முடியாது

அம்மா: 🎤 குரல் செய்தி 0:41

கவிதா: இல்லம்மா, நீங்க போக வேண்டாம்

சுரேஷ்: நாளைக்கு நான் பாக்குறேன்க்கா

கவிதா: கார் இல்லாம வா

சுரேஷ்: அப்போ அருணைக் கேளு